ஹை-ரெவ் மேனுவல் கூப்பேயில் இருந்து டர்போ ஆல் வீல் டிரைவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாமல், 7,000, 8,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) வரை சுழன்று சக்தி தரும் மேனுவல் கூப்பேயைப் பல வருடம் ஓட்டியவர்கள், டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் உள்ள காருக்கு மாறும்போது கேட்கும் கேள்விகள் இவை. ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர், டொயோட்டா செலிகாவின் 2இசட்இசட் இன்ஜின் வகை, மாஸ்டா ஆர்எக்ஸ்-8, பிஎம்டபிள்யூ இ46 எம்3, டொயோட்டா 86 ஆகியவை முதல் வகை. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர், ஆடி ஆர்எஸ்3, டொயோட்டா ஜிஆர் யாரிஸ் எல்லாம் இரண்டாவது வகை.

இரண்டு காருக்கும் குதிரைத்திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓட்டும்போது மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

குதிரைத்திறன் என்பது டார்க்கையும் (இன்ஜினின் முறுக்கு விசை) ஆர்.பி.எம்.மையும் பெருக்கி வரும் எண். நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி, தோராயமாக 7,000ஆல் வகுத்தால் பிஎஸ் (குதிரைத்திறனின் மெட்ரிக் அலகு) கணக்கில் திறன் கிடைத்துவிடும். 200 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜின் 7,000 ஆர்.பி.எம்.மில் 200 பிஎஸ் தருகிறது. 400 நியூட்டன் மீட்டர் தரும் டர்போ இன்ஜின் அதே 200 பிஎஸ்ஸை 3,500லேயே தந்துவிடுகிறது. காகிதத்தில் இரண்டும் ஒரே எண். சாலையில் அந்த எண்ணுக்குப் போய்ச் சேரும் வழி வேறு.

நிஜக் கார்களில் பார்ப்போம். ஜப்பானில் விற்ற முதல் இன்டெக்ரா டைப் ஆர், 1.8 லிட்டர் இன்ஜினில் 200 பிஎஸ் தந்தது. அது கிடைப்பது 8,000 ஆர்.பி.எம்.மில். இ46 எம்3யின் 343 பிஎஸ் வருவது 7,900இல். ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆர் தன் முழு டார்க்கான 380 நியூட்டன் மீட்டரை 1,800 ஆர்.பி.எம்.மிலேயே தொடுகிறது. அதாவது 2,000இல் சோம்பலாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தாலும், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறிய பிறகு ஏறத்தாழ 108 பிஎஸ் கையில் இருக்கிறது. அதே 108ஐ இன்டெக்ராவில் எடுக்க ஊசி 4,200ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

பழைய காருக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஹை-ரெவ் கார்களுக்குப் பொதுவாகக் குட்டையான கியர் விகிதம் வைத்திருப்பார்கள். இன்ஜின் தரும் டார்க் குறைவாக இருந்தாலும் கியர்பாக்ஸ் அதைப் பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. அதனால் சரியான கியரில், சரியான ஆர்.பி.எம்.மில் இருக்கும் டைப் ஆர் மந்தமான கார் இல்லவே இல்லை. ஆனால் அந்தச் 'சரியான' இடத்தில் காரை வைத்திருக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. டர்போ கார் அந்தப் பொறுப்பை உங்கள் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நீங்கள் இத்தனை வருடம் ஆர்.பி.எம். காட்டும் டாக்கோமீட்டரில் செலவிட்ட கவனம் இப்போது மிச்சமாகிறது; அதை பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கொண்டுபோவதுதான் இந்த மாற்றத்தில் கற்க வேண்டிய முக்கியமான விஷயம். கீழே வரும் பல பதில்கள் இதையே வேறு வேறு பக்கத்திலிருந்து சொல்கின்றன.

டர்போ லேக் இன்னும் இருக்கிறதா? இப்போதைய கார்களில் போய்விட்டது என்கிறார்களே?

குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. இதில் இரண்டு தனித்தனி விஷயங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, பூஸ்ட் தொடங்கும் எல்லை. குறிப்பிட்ட ஆர்.பி.எம்.முக்குக் கீழே, எவ்வளவு மிதித்தாலும், டர்போவின் டர்பைன் சக்கரத்தைத் தேவையான வேகத்தில் சுழற்றும் அளவுக்குப் புகை வெளியேறாது. அந்த நேரத்தில் காத்திருந்து பயனில்லை, கியரைக் குறைக்க வேண்டும். இன்னொன்றுதான் உண்மையான லேக். எல்லைக்கு மேலே இருக்கிறீர்கள், ஆனால் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது டர்போ வேகம் பிடிக்கச் சிறிது நேரம் ஆகிறது. இதற்குக் கியர் மாற்றுவது முழுத் தீர்வு இல்லை. கொஞ்சம் முன்னதாக மிதிப்பதுதான் தீர்வு.

பழைய காரில் வலது கால் அசைந்த நொடியே பதில் வந்தது. எம்3யில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் திராட்டில் (காற்று நுழைவதைக் கட்டுப்படுத்தும் வால்வு) இருந்ததால் அந்தப் பதில் இன்னும் கூர்மை. எந்த டர்போ காரும் அதே கூர்மையைத் தராது. அதனால் வளைவின் நடுவில் கால்விரல் அளவுக்குச் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். காலை முழுதாக எடுக்காமல் லேசாகப் பிடித்து வைத்தால் டர்பைன் தன் வேகத்தை முழுக்க இழக்காது, அடுத்த மிதிக்குப் பதிலும் சீக்கிரம் வரும்.

ரெட்லைன் (இன்ஜினின் ஆர்.பி.எம். உச்ச வரம்பு) வரை இழுக்கும் பழக்கம் விட மாட்டேன் என்கிறது. தப்பா?

கெடுதல் என்று சொல்ல முடியாது, பலன்தான் இல்லை. பெரும்பாலான டர்போ இன்ஜின்களில் 6,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டியதும் டார்க் சரசரவென்று இறங்கும். சிறிய டர்போவால் அந்த வேகத்தில் இன்ஜின் கேட்கும் காற்றைத் தள்ள முடியாது. 2015இல் வந்த டபிள்யூஆர்எக்ஸின் 2 லிட்டர் இன்ஜின் தன் முழு டார்க்கை 2,000 முதல் 5,200 ஆர்.பி.எம். வரை தருகிறது. சக்தி உச்சம் 5,600இல். அதற்கு மேல் கத்த விடுவது சத்தத்துக்கு மட்டும்தான் உதவும். கொஞ்சம் முன்னதாகவே அடுத்த கியருக்குப் போய்விட்டால், ஊசி மறுபடியும் கொழுத்த டார்க்கின் நடுவில் வந்து விழும், கார் இன்னும் வேகமாகப் போகும்.

விதிவிலக்கு உண்டு. ஜிஆர் யாரிஸின் 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு 6,500 வரை தெம்பு இருக்கிறது. ஹை-ரெவ் காரில் இருந்து வருபவர்களுக்கு அந்த இன்ஜின் சீக்கிரம் பிடித்துப்போகக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் எந்த கியரில் வளைவுக்குள் போவது?

பழைய காரில் இரண்டாவதில் எடுத்த வளைவை இதில் பெரும்பாலும் மூன்றாவதில் எடுக்கலாம். இரண்டாவதில் போனால் வெளியே வரும்போது டார்க் ஒரேயடியாக வந்து முன்சக்கரங்களை வெளியே தள்ளும், உடனே கியரும் மாற்ற வேண்டியிருக்கும். மூன்றாவதில் சக்தி நிதானமாக, ஒரே சீராக வரும். முதலில் மெதுவாகப் போவது போலத்தான் தோன்றும். ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள், நம்பிக்கை வரும்.

ஆல் வீல் டிரைவ் இருந்தால் வளைவில் பிடிப்பு கூடும்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆல் வீல் டிரைவ் செய்வது இன்ஜின் தரும் சக்தியை இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்கு சக்கரத்துக்குப் பங்கிடுவது. அதனால் முடுக்கும்போது, முக்கியமாக ஈரச் சாலையிலும் மண்ணிலும் பனியிலும், சக்கரம் வீணாகச் சுழல்வது வெகுவாகக் குறைகிறது. பிரேக் அடிக்கும்போது? எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. அங்கே ஆல் வீல் டிரைவுக்குக் கூடுதலாகச் செய்ய எதுவும் இல்லை. வளைவுக்குள் நுழையும்போது? பிடிப்பது டயர்தான். காரின் எடை கூடியிருப்பதால் அந்த டயர்களுக்கு வேலையும் கூடியிருக்கிறது. அதே டயரில், அதே ஈரச் சாலையில், எடை குறைந்த உங்கள் பழைய கூப்பே நின்றுவிடும் தூரத்தில் இந்தக் கார் நிற்காமல் போகக்கூடும்.

ஆபத்து எங்கே என்றால், வழுக்கும் சாலையில் பழைய கார் முன்கூட்டியே எச்சரித்தது. லேசாக மிதித்தாலே சக்கரம் சுழலும், அல்லது பின்பக்கம் ஆடும். 'இன்று பிடிப்பு குறைவு' என்று தெரிந்துவிடும். புதிய கார் அதே ஈரத்தில் ஒன்றுமே நடக்காதது போல வேகமெடுக்கும். பிடிப்பு குறைவு என்பதை நீங்கள் முதன்முதலாக உணர்வது பிரேக்கை மிதிக்கும்போதுதான். அப்போது வேகம் ஏற்கெனவே அதிகமாகியிருக்கும். அதனால் மழை நாளில் இந்தக் காரை எடுத்ததும், பின்னால் யாரும் வராத நேரான இடத்தில் ஒருமுறை நன்றாக பிரேக் அடித்துப் பாருங்கள். சாலை எப்படி இருக்கிறது என்பதை ஆக்ஸிலரேட்டர் இனி சொல்லாது. பிரேக்கிடம்தான் கேட்க வேண்டும்.

டயருக்குச் செலவழியுங்கள். சாதாரண டயர் போட்ட ஆல் வீல் டிரைவ் காரைவிட, பருவத்துக்கேற்ற நல்ல டயர் போட்ட இரு சக்கர இயக்கக் கார் நிற்பதிலும் திரும்புவதிலும் முன்னால் இருக்கும்.

எல்லா ஆல் வீல் டிரைவும் ஒன்றுதானா?

இல்லை, பெரிய வித்தியாசம் உண்டு. வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது குதிரைத்திறனை ஒப்பிடுவதைவிட முக்கியம்.

நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுழல விட்டுச் சக்தியைப் பங்கிடும் கியர் அமைப்பு) வைத்து, முன்னும் பின்னும் எப்போதும் சக்தி அனுப்புவது ஒரு வகை. 1980இல் ஜெனீவா கண்காட்சியில் வந்த ஆடி குவாட்ரோ இந்த எண்ணத்தைச் சாலைக் கார்களில் பிரபலமாக்கியது. மேனுவல் டபிள்யூஆர்எக்ஸும் எவல்யூஷனும் இந்த வழிதான். டபிள்யூஆர்எக்ஸின் எஸ்டிஐ வகையில் நடு டிஃபரன்ஷியல் எவ்வளவு பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை ஓட்டுபவரே ஒரு சிறு திருகியால் மாற்றலாம். எவல்யூஷனில் 1996இல் வந்த நான்காவது பதிப்பு முதல், பின்பக்கம் இடது வலது சக்கரங்களுக்கு இடையே டார்க்கை மாற்றி அனுப்பி, காரைத் தானே திரும்பத் தூண்டும் ஏற்பாடு இருந்தது. எடை இருந்தும் அந்தக் கார் அவ்வளவு ஆசையாகத் திரும்பியதன் ரகசியம் அதுதான்.

அடுத்தது, அடிப்படையில் முன்சக்கரக் காராக இருந்து, தேவைப்படும்போது ஒரு கிளட்ச் வழியாகப் பின்னுக்கும் சக்தி அனுப்பும் வகை. ஹால்டெக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆர் இதில் சேரும். வேகமானது, நம்பகமானது, ஆனால் எல்லைக்குப் போகும்போது முன்சக்கரக் காரின் குணம் எட்டிப்பார்க்கும். நீங்கள் டைப் ஆர், செலிகா போன்ற முன்சக்கரக் கூப்பேயிலிருந்து வருகிறீர்கள் என்றால் இது வீட்டுக்கு வந்தது போல இருக்கும்.

பிறகு, பின் அச்சில் இரண்டு கிளட்ச் வைத்து ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக டார்க் அனுப்பும் வகை. 2016இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ், 2021இன் ஆடி ஆர்எஸ்3, எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஆர் இப்படி. வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரத்துக்கு அதிகம் அனுப்பி மூக்கை உள்ளே இழுக்கும். பின்சக்கரக் கூப்பேயை, அதாவது எம்3 அல்லது 86ஐ, விட்டு வருபவர்களுக்கு என் பரிந்துரை இந்த வகை, அல்லது ஜிஆர் யாரிஸ். 2020இல் வந்த முதல் யாரிஸில் முன்-பின் பங்கு 60:40, 30:70, 50:50 என்று மூன்று நிலையில் மாற்றலாம்.

வளைவில் கார் வெளிப்பக்கமே போகிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?

அநேகமாகச் சீக்கிரம் மிதிக்கிறீர்கள். டர்போ லேக்குக்காக முன்னதாக மிதியுங்கள் என்று மேலே சொன்னேன். அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்டீயரிங் இன்னும் நன்றாகத் திரும்பியிருக்கும்போது முழு பூஸ்ட் வந்தால், முன்டயர்கள் திருப்பவும் இழுக்கவும் ஒரே நேரத்தில் திணறும். எடையும் பின்னால் சாய்ந்து முன்பக்கம் லேசாகிவிடும். விளைவு அண்டர்ஸ்டியர், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வெளிப்பக்கம் போவது.

ஹை-ரெவ் கூப்பே வேகத்தைச் சேமித்து ஓட்டும் கார். வளைவுக்குள் எவ்வளவு வேகத்தைக் கொண்டுபோகிறோம் என்பதே எல்லாம், ஏனென்றால் இழந்த வேகத்தைத் திரும்பச் சம்பாதிக்க நேரமாகும். டர்போ ஆல் வீல் டிரைவில் கணக்கு தலைகீழ். இழந்த வேகம் உடனே திரும்பக் கிடைக்கும். ஆகவே நேரான இடத்திலேயே பிரேக்கை முடித்து, பழைய வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக உள்ளே போங்கள். பிரேக்கின் கடைசித் துளியை லேசாக வைத்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் எடை இருக்கும், மூக்கு உள்ளே வரும். கார் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்ததும் ஸ்டீயரிங்கை நேராக்கத் தொடங்குங்கள், அதே அசைவோடு மிதியுங்கள். வளைவின் உள்விளிம்பைத் தொடும் இடத்தைப் பழையதைவிடச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டால் இது தானாக அமையும். லேக்குக்காக முன்னதாக மிதிப்பது என்பது, சக்தி வந்து சேரும் நொடியில் ஸ்டீயரிங் நேராகிக்கொண்டிருக்கும்படி கணக்கிட்டு மிதிப்பது.

காலை திடீரென்று எடுத்தால் பின்பக்கம் சுழன்று வருமா என்று பின்சக்கரக் காரில் இருந்து வருபவர்கள் பயப்படுவார்கள். நிலையாகப் பூட்டப்பட்ட ஆல் வீல் டிரைவில் அது மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். ஈரத்தில் அடக்கமாகவே இருங்கள். இதையெல்லாம் பழக ஏற்ற இடம் மூடிய களம். பொதுச் சாலை இல்லை.

ஹீல் அண்ட் டோ இன்னும் தேவையா?

பிரேக்கை மிதித்துக்கொண்டே அதே காலால் ஆக்ஸிலரேட்டரையும் தட்டிக் கியர் குறைக்கும் அந்த உத்தி, மேனுவல் என்றால் தேவைதான். ஆனால் அந்தத் தட்டலுக்குப் பதில் வரும் வேகம் குறைவாக இருக்கும். காலை எடுத்த பிறகும் ஆர்.பி.எம். சற்று நேரம் தொங்கி நிற்கும் குணம் புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பல புதிய இன்ஜின்களில் இருக்கிறது. இன்ஜின் சுழற்சியைச் சீராக்கும் கனமான ஃபிளைவீல் சக்கரமும் சேர்ந்துகொள்ளும். மேலே கியர் மாற்றும்போது கையை அவசரப்படுத்தாமல் அரை நொடி கொடுங்கள். பழைய காரின் வேகத்தில் மாற்றினால் ஒவ்வொரு முறையும் கார் குலுங்கும்.

மேனுவலா, டூயல் கிளட்ச்சா?

நீங்கள் வாங்கும் கார் மேனுவலில் கிடைக்கிறது என்றால் மேனுவல் எடுங்கள். வேகத்தில், இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் டூயல் கிளட்ச் முந்தும். கியர் மாறும்போது பூஸ்ட் விழாது என்பது அதற்குப் பெரிய பலம். ஆனால் உயர்ந்த ரெவ்வும் உடனடிப் பதிலும் ஏற்கெனவே கையை விட்டுப் போகின்றன. மூன்றாவது சந்தோஷத்தையும் சேர்த்து விடாதீர்கள். தினமும் நெரிசலில் மணிக்கணக்கில் ஓட்டுபவருக்கு மட்டும் என் பதில் மாறும்.

நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்பலாமா? விளம்பரங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

இரு சக்கர இயக்கத்தில் அதிக ரெவ்வில் கிளட்சை விட்டால் டயர் சுழன்றுவிடும். அந்தச் சுழற்சி ஒரு ஃபியூஸ் போல வேலை செய்தது: அதிர்ச்சி கியர்பாக்ஸுக்குப் போகாமல் டயரில் கரைந்துவிட்டது. நான்கு டயரும் பிடித்துக்கொண்டால் அந்த அதிர்ச்சி போக வேறு இடம் இல்லை. கிளட்ச் எரியும், கிளட்சும் பிடித்துக்கொண்டால் கியர் பற்களும் அச்சுத் தண்டுகளும் வாங்கிக்கட்டிக்கொள்ளும். சாதாரணமாகக் கிளம்பும்போதுகூடக் கிளட்ச் சற்று அதிகம் வழுக்க வேண்டியிருக்கும். முழுதாகப் பிடித்த பிறகு மிதியுங்கள். இரண்டாவது கியரிலிருந்து கிடைக்கும் உந்துதலே போதும்.

ஆயில், சூடேற்றுவது, குளிர வைப்பது பற்றி?

கூப்பேயிலேயே ஆயில் சூடாகும்வரை காத்திருக்கும் நல்ல பழக்கம் உங்களுக்கு இருந்திருக்கும். அதை அப்படியே கொண்டுவாருங்கள். கூலன்ட் ஊசி நடுவுக்கு வந்ததும் ஆயிலும் சூடாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயிலுக்கு இன்னும் பல நிமிடம் பிடிக்கும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான்.

நிறுத்தும்போது? சாதாரணமாக வீடு வந்து சேர்ந்தால் உடனே அணைக்கலாம். கடைசிச் சில நிமிடம் மெதுவாக வந்ததே குளிர வைத்துவிடும். பெரும்பாலான டர்போக்களுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சியும் இருக்கிறது. களத்தில் விரட்டிய பிறகோ, நீண்ட ஏற்றத்தை முழு மிதியில் முடித்ததுமோ அப்படியே அணைத்தால்தான், சூடான தண்டைச் சுற்றித் தேங்கிய ஆயில் கருகி அடையும்.

ஹை-ரெவ் காரில் இருந்து வருபவர்கள் கேள்விப்பட்டிராத ஒரு புது ஆபத்தும் இருக்கிறது. நேரடி எரிபொருள் உட்செலுத்தல் உள்ள டர்போ இன்ஜினைக் குறைந்த ஆர்.பி.எம்.மில், உயர்ந்த கியரில், முழுதாக மிதித்தால், தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அது வலுவானது. ஆயில் துளிகளும் படிவுகளும் இதற்குத் தூண்டுதல் என்று தெரிந்ததும் ஆயில் தயாரிப்பில் கால்சியம் சார்ந்த சேர்மானங்களைக் குறைத்தார்கள்; 2018இல் அமெரிக்கப் பெட்ரோலியம் நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்என் பிளஸ், 2020இல் ஏபிஐ எஸ்பி தரங்கள் வந்தன. உங்கள் காரின் கையேடு சொல்லும் தரத்தில், இந்தப் பாதுகாப்பு உள்ள ஆயிலையே ஊற்றுங்கள். 1,500 ஆர்.பி.எம்.மில் ஆறாவது கியரில் மிதிக்காதீர்கள், ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். கியர் குறைப்பது உங்களுக்குப் பழகிய விஷயம்தானே.

ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்ட வேண்டாம். அத்தோடு பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்-பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி), ஹால்டெக்ஸ் வகை என்றால் அதன் கிளட்ச் ஆயில் என்று, முன்சக்கரக் கூப்பேயில் இல்லாத ஆயில்களும் அட்டவணையில் சேர்கின்றன. விட்டுப்போவது பெரும்பாலும் இவைதான்.

சாதாரண பெட்ரோல் போதுமா?

பெட்ரோல் டேங்க் மூடியில் என்ன ஆக்டேன் எழுதியிருக்கிறதோ அதற்குக் கீழே போகாதீர்கள். குறைந்த ஆக்டேனில் நாக் (கலவை ஒழுங்கின்றி வெடிப்பது) வந்தால் கணினி பூஸ்டையும் தீப்பொறி நேரத்தையும் குறைத்துக்கொள்ளும். வாங்கிய சக்தியை நீங்களே வெட்டியது போலாகும்.

வெயிலிலும் மலையிலும் எப்படி இருக்கும்?

மலையில் டர்போவுக்குத்தான் வெற்றி. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீதச் சக்தியை இழக்கிறது. காற்றின் அடர்த்தி குறைகிறது, அவ்வளவுதான். டர்போ கொஞ்சம் அதிகம் உழைத்து அதை ஈடுகட்டிவிடும்.

வெயிலில் கதை வேறு. அழுத்தும்போதே காற்று சூடாகும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சூடாகிவிட்டால், தொடர்ந்து விரட்டும்போது இரண்டாவது, மூன்றாவது சுற்றில் கார் மந்தமாவது தெரியும். பழைய கார் முதல் சுற்றில் எப்படியோ கடைசிச் சுற்றிலும் கிட்டத்தட்ட அப்படியே இருந்திருக்கும். களத்துக்கு அடிக்கடி போகிறவர் முதலில் மேம்படுத்த வேண்டியது இன்டர்கூலரும் பிரேக் பேடும் பிரேக் ஆயிலும்.

ஒரு டயர் கிழிந்தால் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். வியாபார தந்திரமா?

இல்லை. தேய்ந்த டயருக்கும் புது டயருக்கும் சுற்றளவு வேறு. வேறுபாடு இருந்தால் நடு டிஃபரன்ஷியலோ கிளட்சோ நேர்ச் சாலையில்கூட ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடாகும், தேயும். சுபாரு அனுமதிக்கும் சுற்றளவு வித்தியாசம் 6.4 மில்லிமீட்டர், டயர் மேல்பள்ளத்தின் (டிரெட்) ஆழத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். மற்ற மூன்றும் புதியவை போல இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். அதே பிராண்ட், அதே மாடலாக இருக்கட்டும். நான்கையும் ஒழுங்காக இடம் மாற்றிப் போட்டுவந்தால் இந்தச் சிக்கல் குறையும்.

எடை, ஸ்டீயரிங், சத்தம்: எதை இழப்பேன்?

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். டிரான்ஸ்ஃபர் கேஸ், நடுத்தண்டு, பின் டிஃபரன்ஷியல், அச்சுகள், டர்போ, இன்டர்கூலர் என்று எடை ஏறிக்கொண்டே போகும். மாற்று திசையில் அடுத்தடுத்து வளைவுகள் வரும்போது அதை நன்றாக உணர்வீர்கள். பின்சக்கரக் காரில் இருந்து வந்தால், இப்போது முன்சக்கரங்களும் இழுப்பதால் ஸ்டீயரிங்கின் சுத்தமான உணர்வு கொஞ்சம் கலங்கலாகும்.

சத்தத்துக்குக் காரணம் எளிமையானது. புகை வெளியேறும் வழியில் டர்பைன் உட்கார்ந்து, அதன் துடிப்புகளை விழுங்கிவிடுகிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் மாறும் இடத்தில், செலிகாவில் 6,200ஐ ஒட்டி, குரலே மாறி எழும் அந்தக் கணம் இதில் கிடையாது. ஸ்பீக்கர் வழியாகச் சத்தம் சேர்க்கும் கார்கள் இருக்கின்றன. எனக்கு அதில் துளியும் ஈடுபாடு இல்லை, அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். ஆர்எஸ்3யின் ஐந்து சிலிண்டர் குரலும், சமமில்லாத நீளக் குழாய்களால் பழைய சுபாருக்களுக்கு வந்த தடதடப்பும் நிஜமானவை. அவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். மாறலாமா, வேண்டாமா?

நீங்கள் ஓட்டுவதில் எந்த நிமிடத்துக்காக ஏங்குகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கியரில் 6,000இலிருந்து 8,000 வரை ஊசி ஏறும் அந்தச் சில நொடிகள்தான் என்றால் மாறாதீர்கள். எவ்வளவு வேகமான டர்போ காரும் அதைத் தராது. சில மாதத்தில் பழைய கார் விளம்பரங்களைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள்.

மழையோ பனியோ மண்ணோ, எந்தச் சாலையிலும் எந்த நாளும் காரை எடுக்க வேண்டும், குடும்பமும் சாமானும் ஏற வேண்டும், முந்தும்போது இரண்டு கியர் குறைக்காமல் முந்த வேண்டும், வளைவின் உள்ளே காரை எப்படி வைப்பது என்பதில் சுவாரசியம் இருக்கிறது என்றால் தாராளமாக மாறுங்கள். ஒன்றை மட்டும் முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள். கூப்பேயில் நியாயமான வேகத்திலேயே இன்ஜினின் முழுத் திறனையும் தொட்டுப் பார்க்க முடிந்தது. இதில் முழுத் திறனைத் தொடுவதற்குள் சட்டத்தின் எல்லை தாண்டியிருக்கும்.

பழைய டர்போ ஆல் வீல் டிரைவ் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் யாராவது டியூன் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், புளோ-ஆஃப் வால்வு மாற்றியிருந்தால் கணினியையும் தொட்டிருக்க வாய்ப்பு உண்டு. மறுபடி பழைய பாகங்களைப் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடம் சொல்லிவிடும்.

கார் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது போய், நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் டர்போ சீலோ பிஸ்டன் ரிங்கோ கேள்விக்குறி. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையோடு, அந்த அழுத்தம் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனையும் கேளுங்கள். சுபாருவின் டர்போ 2.5 லிட்டர் இன்ஜினில் பிஸ்டனின் ரிங் தாங்கும் விளிம்பு விரிசல் விடுவது உரிமையாளர்களிடையே பரவலாகத் தெரிந்த பிரச்சினை. அந்தச் சோதனை இல்லாமல் அதை வாங்கக் கூடாது.

நான்கு டயரும் ஒரே பிராண்டா, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். டயரில் சிக்கனம் பிடித்தவர் டிஃபரன்ஷியல் ஆயிலிலும் பிடித்திருப்பார். காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். திக்கித் திக்கி இழுத்தால் நடு கிளட்சோ டிஃபரன்ஷியலோ கெட்டிருக்கிறது. மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 2,500இலிருந்து முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் கிளட்ச் போய்விட்டது.

வாங்கியதும் ரீமேப் செய்யலாமா?

ஒரு வருடம் அப்படியே ஓட்டுங்கள். டர்போ காரில் மென்பொருளை மாற்றினாலே சக்தி கணிசமாகக் கூடும் என்பது உண்மைதான், கூப்பேயில் இவ்வளவு பலன் கிடைத்திருக்காது. ஆனால் கூடும் டார்க்கைத் தாங்க வேண்டியது அதே கிளட்ச், அதே கியர்பாக்ஸ், அதே பிஸ்டன். உத்தரவாதமும் பெரும்பாலும் போய்விடும்.

வழியில் நின்றுவிட்டால் கட்டி இழுக்கலாமா?

இரண்டு சக்கரத்தைத் தூக்கி, இரண்டைத் தரையில் உருள விட்டு இழுக்கக் கூடாது. முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழன்று நடு டிஃபரன்ஷியலையோ கிளட்சையோ எரித்துவிடும். நான்கு சக்கரமும் ஏறும் தட்டையான லாரியைக் கேளுங்கள். அழைக்கும்போதே 'ஆல் வீல் டிரைவ்' என்று சொல்லிவிடுங்கள். வருபவர் வேறு வண்டியோடு வந்தால், நேரமானாலும் சரி, திருப்பி அனுப்பிவிட்டுச் சரியான வண்டிக்குக் காத்திருங்கள்.